ஆறா, ஐந்தா

நான் பிறந்த நேரம் ஆறு மணியா ஐந்து மணியா என்பது என் நைனாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த நேரத்தில் கடிகாரத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தவர் அவர்தான். முள் ஆறில் இருந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர். அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அது எந்த ஆறு என்பதில்தான் சிக்கல்.

புத்தூர் ரயில் நிலையத்துக்கு எதிரில் எங்களுக்கு ஒரு காப்பிக் கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய கடிகாரம். ரயிலுக்குப் போகிறவர்கள், கோர்ட்டு வேலையாகச் சித்தூருக்குக் கிளம்பியவர்கள், நகரியிலிருந்து புடவை மூட்டையோடு வந்து வண்டிக்குக் காத்திருக்கும் நெசவுக்காரர்கள், எல்லாரும் உள்ளே நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பிறகுதான் பலகாரத் தட்டைப் பார்ப்பார்கள்.

நைனாவுக்கு யாரையும் மறுத்துப் பேச வராது. காப்பி கசக்கிறது என்று ஒருவர் சொன்னால், "ஆமாங்க, இன்னிக்கி டிகாக்ஷன் கொஞ்சம் தூக்கலாத்தான் போயிடுச்சு" என்பார். அதே காப்பியைப் பக்கத்தில் இருக்கிறவர் தண்ணீராக இருக்கிறது என்றால், "அதுவும் சரிதாங்க, பால்காரன் மோசம் பண்ணிட்டான்" என்பார். தெலுங்கில் பேசுகிறவர்களிடம் "அவுனண்டி, அவுனண்டி" என்று தலையாட்டுவார். இரண்டு மொழியிலும் அவருக்கு நன்றாக வந்த சொல் 'ஆமாம்' ஒன்றுதான். அவர் கோழை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எதிரே இருக்கிறவர் முகம் வாடினால் அவரால் தாங்க முடியாது. சண்டை போட்டுக்கொண்டு போன வாடிக்கைக்காரர் திரும்பி வரும்வரை சரியாகச் சாப்பிடமாட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் சண்டைக் காலத்தில் சர்க்கார் ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டுப் போனது.

இரண்டாவது உலகச் சண்டை நடந்தபோது, நாடு முழுவதும் கடிகாரங்களை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்தால் விளக்கு மிச்சம் என்று காரணம் சொன்னார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தானே நேரில் வந்து நைனாவிடம் சொன்னாராம். நைனா உடனே நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் தள்ளினார். ரயில் எல்லாம் புது மணிக்கு ஓட ஆரம்பித்தது. ஊர் மட்டும் பழைய மணியிலேயே இருந்தது. ஏர் பூட்டுகிறவனுக்கும் பால் கறக்கிறவனுக்கும் சர்க்கார் மணியால் ஆகப்போவது என்ன?

அம்மாவுக்குத்தான் முதல் அடி. முதல் வண்டிக்கு இட்லி வேண்டும் என்றால் முன்பு எழுந்ததைவிட ஒரு மணி நேரம் முன்னால் எழவேண்டும். கும்மிருட்டில் அடுப்புப் பற்றவைத்தபடி, "சர்க்கார் உத்தரவு போட்டுட்டாங்க சரி, சூரியனுக்கு யாரு போய்ச் சொன்னாங்க?" என்று கேட்பாளாம். நைனா, "நீ சொல்றதும் நியாயம்தான்" என்று சொல்லி, அவள் மனம் ஆறட்டும் என்று முள்ளைப் பின்னால் தள்ளிவிடுவார். கொஞ்ச நேரத்தில் ரயிலுக்குப் போகிறவர் யாராவது பதறிக்கொண்டு வருவார். மறுபடி நாற்காலி, மறுபடி முள் முன்னால் போகும். நாராயணவனத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வரும் பெரியவர், "இன்னாப்பா, உன் கடிகாரம் பைத்தியம் மாதிரி காட்டுது?" என்பார். அவருக்காகப் பின்னால் போகும்.

இப்படி முன்னும் பின்னுமாகத் தள்ளியதில் கடிகாரத்துக்கே கணக்குத் தப்பிவிட்டது. ஆறைக் காட்டிக்கொண்டு ஒன்பது அடித்தது. அடிக்கிற மணியை யாரும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

அந்தப் புது மணி கெட்டது என்றும் நைனா சொல்லமாட்டார். கடைசிப் பயணிகள் வண்டி, பொழுது சாய்வதற்கு முன்பே வந்து போய்விடும். கடையைச் சாத்தினால் வெளியே இன்னும் வெயில் இருக்கும். கல்யாணம் ஆகி அதுவரை அம்மாவோடு பகலில் ஒரு இடத்துக்குப் போனதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் ஜட்காவில் நாராயணவனம் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறார்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறார்கள். "காலையில உங்கம்மா திட்டுவா, சாயங்காலம் சிரிப்பா. நான் எதைத் தப்புன்னு சொல்றது?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

நான் பிறந்தது கார்த்திகை மாதப் புயல் மழையில். ரேணிகுண்டாப் பக்கம் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஏறி வண்டிகள் நின்றுபோயிருந்தன. வானம் பகலும் இரவும் ஒரே நிறத்தில் இருந்ததாம். மருத்துவச்சி உள்ளேயிருந்து, "பொண்ணு! மணி பாருங்க!" என்று கத்தியபோது நைனா விளக்கைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு. சந்தோஷத்தில் வேறு எதுவும் யோசிக்கவில்லை. ரயில் இல்லாததால் முள்ளைப் பழைய மணியிலேயே விட்டிருந்தாரா? அல்லது மழையில் மாட்டிக்கொண்ட ஸ்டேஷன் ஆட்கள் கடையில் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் புது மணியில் வைத்திருந்தாரா? அவருக்கு நினைவில்லை. அம்மாவைக் கேட்டால், "வலியில நான் மணியா பார்த்துக்கினு இருந்தேன்?" என்பாள். மருத்துவச்சியைக் கேட்டதற்கு, "அந்த மழையில கோழிகூடக் கூவலையே" என்றாளாம்.

பழைய மணி ஆறு என்றால் நான் பிறந்தது விடிகிற நேரத்தில். புது மணி ஆறு என்றால் உண்மையில் ஐந்துதான், இருட்டு. ஜோசியருக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். லக்கினமே மாறிவிடும். ஆறு மணிக்குப் பிறந்தவளுக்குச் செவ்வாய் தோஷம் இல்லை. ஐந்து மணிக்குப் பிறந்தவளுக்கு உண்டு. தோஷம் உள்ள பெண்ணை அது இல்லாதவனுக்குக் கட்டினால் அவன் உயிருக்கு ஆகாது என்பார்கள். அம்மா பழைய மணிதான் என்று அடித்துச் சொல்லி, தோஷம் இல்லாத ஜாதகத்தை எழுதி வாங்கிவிட்டாள். நைனா தலையாட்டினார்.

சண்டை முடிந்ததும் கடிகாரங்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. ஊர் அதை மறந்தே போனது. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஊருக்கு வேறு தகராறு வந்திருந்தது. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா அதில் சேர்ந்தது. எங்கள் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் எல்லையை மாற்றச் சொல்லிக் கூட்டம் போட்டார்கள். தெலுங்குக்காரர்கள் ஒரு அடியும் விடமுடியாது என்று கூட்டம் போட்டார்கள். இரண்டு கூட்டமும் முடிந்து காப்பி குடிக்க வந்தது எங்கள் கடைக்குத்தான்.

இவர்கள் ஒருநாள் கடையடைப்பு என்றார்கள். நைனா அடைத்தார். அவர்கள் வேறொரு நாள் என்றார்கள். அன்றைக்கும் அடைத்தார். ஆனால் இரண்டு நாளும் பசியோடு வந்தவர்களுக்குப் பின்கட்டு வழியாக இட்லி போய்க்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றாக வந்து வாசலில் நின்றுகொண்டார்கள்.

"நீ எந்தப் பக்கம்? இன்னிக்கித் தெரிஞ்சாகணும்" என்றார் ஒருவர்.

"நுவ்வு எவரி பக்ஷம், செப்பு" என்று இன்னொருவரும் அதையே தெலுங்கில் கேட்டார்.

நைனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் கடைப் பக்கங்க" என்றார். அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அவர்கள் சிரித்துவிட்டார்கள், அதனால் தப்பித்தார். அன்று ராத்திரி அவருக்குக் காய்ச்சல்.

கடைசியில் கோடு போட்டார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. புத்தூர் இங்கேயே நின்றது. அம்மாவின் உறவு எல்லாம் திருத்தணிப் பக்கம். ஒரே ரயிலில் ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்குகிற ஊர் வேறு ராஜ்யம் ஆகிவிட்டது. நைனா அதற்கும் யாரையும் குறை சொல்லவில்லை.

எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் பலமனேரிலிருந்து வந்தவர்கள், பிறந்த வருஷத்தைப் பார்த்ததும், "சண்டைக் காலத்துப் பொறப்பாச்சே, எந்த மணி?" என்று கேட்டார்கள். "பழைய மணிதாங்க" என்றார் நைனா. "ஸ்டேஷன் எதிர்ல கடை வெச்சிக்கினு பழைய மணியா வெச்சிருப்பீங்க?" என்றார் பையனின் மாமா. "அதுவும் சரிதாங்க" என்றார் நைனா. அந்த நிமிடமே அவர்கள் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார்கள். அம்மா அன்றைக்கு அவரோடு பேசவில்லை. அவருக்குச் சோறு போட்டது நான்தான். தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டார்.

அடுத்து வந்தது திருத்தணியிலிருந்து. பையன் பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய அப்பா இல்லை. அம்மாவும் ஒரு சித்தப்பாவும் கூட வந்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் காப்பி குடித்த டம்ளரை எங்கே வைப்பது என்று அவன் சுற்றிப் பார்த்தான். பிறகு எழுந்து, தானே எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து தொட்டியருகே வைத்தான். அங்கே நான் நின்றிருந்தேன். "நல்லா இருந்துச்சுங்க" என்றான். காப்பியைச் சொன்னான். அதுவரை எங்கள் கடையில் எந்த ஆணும் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அவர்களுடைய ஜோசியரும் அதே கேள்வியைத்தான் எழுப்பினார். நேரில் வந்து கேட்டுவிட்டு முடிவு செய்கிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். அவர்கள் வருகிற அன்று காலை நைனா மாவாட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நைனா."

"இன்னாம்மா?"

"அவங்க கேட்டா பழைய மணின்னு சொல்லு. யாரு இன்னா சொன்னாலும் அதையே சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

"சரிம்மா."

"அதுவும் சரிதான்னு சொல்லிடாத நைனா."

அவர் குழவியை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. "உனக்கு அந்தப் புள்ளையைப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சொல்லிடறேம்மா. ஆறுன்னா ஆறுதான். நீ அழுவாத" என்றார். நான் அழவில்லை. அவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு நம்பிக்கை இருந்தது. ஊரில் எல்லாருக்கும் ஆமாம் போட்டவர். எனக்கு ஒரே ஒரு தடவை போடமாட்டாரா?

அவர்கள் வந்தார்கள். கடையைச் சாத்திவிட்டுப் பெஞ்சுகளில் உட்காரவைத்தோம். நானும் அம்மாவும் நடைக் கதவுக்குப் பின்னால் நின்றோம். சித்தப்பா எதையெதையோ சுற்றி வளைத்துப் பேசினார். நைனா ஆணி அடித்தமாதிரி, "பழைய மணிதாங்க" என்றார். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். சித்தப்பா ஸ்டேஷனைக் காட்டினார், ரயிலைச் சொன்னார். நைனா அசையவில்லை. "பழைய மணிதாங்க."

அப்போது பையனின் அம்மா பேசினாள். மெலிந்த உடம்பு, மெதுவான குரல்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க. பெரியவன் போன வருசம் காமாலையில போயிட்டான். இவன் ஒருத்தன்தான் மிச்சம். ஜோசியரு ஆயிரம் சொல்லுவாரு, அதெல்லாம் எனக்குப் புரியாது. உங்களைப் பார்த்தா பொய் சொல்ற ஆளாத் தெரியல. நீங்க ஆறுன்னு சொன்னீங்கன்னா நான் கண்ணை மூடிக்கினு தட்டை மாத்திக்கறேன். சொல்லுங்கண்ணா."

கதவு இடுக்கில் எனக்கு நைனாவின் முகம் தெரிந்தது. அந்தம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார். மூடினார். எங்கள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றார்.



"ஆறைத்தான் பார்த்தேன். அது எந்த ஆறுன்னு தெரியாது. முள்ளைத் தள்ளித் தள்ளி வெச்சதுல எனக்கே தெரியாமப் போச்சு. மன்னிச்சிடுங்க."

அந்தம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு எழுந்தாள். பையன் கடைசியாகப் போனான். வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே பார்த்தான் என்று அம்மா சொன்னாள். நான் பார்க்கவில்லை. என் கண்ணில் நைனாவைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

நான் நைனாவோடு பேசுவதை நிறுத்தினேன். சாப்பாடு வைப்பேன், வேட்டி துவைத்துப் போடுவேன், பேசமாட்டேன். ஒருநாள் அவரே அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார். "அந்தம்மா என் மூஞ்சியையே பார்த்துக்கினு இருந்தாங்கம்மா. எனக்கு வேற ஒண்ணும் வரல" என்றார். நான் திரும்பவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் மாறித்தான் போனார். காப்பி கசக்கிறதா தண்ணீராக இருக்கிறதா என்று கேட்டால், "தெரியலீங்க" என்றார். வாடிக்கைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை.

எனக்குச் சித்தூரில் கல்யாணம் ஆனது. ஜாதகமே பார்க்காத வீடு. வீட்டுக்காரர் நல்ல மனிதர், என்னை நன்றாக வைத்துக்கொண்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. டம்ளரைக் குடித்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். வருஷங்கள் போகப் போக நைனாவோடு பேச ஆரம்பித்தேன். குழந்தைகளைப் பற்றி, மழையைப் பற்றி. அந்த ஒரு விஷயத்தை இரண்டு பேரும் தொடவில்லை. தொடாமலே ஒருநாள் அவர் கடையில் உட்கார்ந்தபடி போய்விட்டார்.

காரியத்தன்று கூட்டம் கலைந்த பிறகு ஒரு வயதான அம்மா வாசலில் நின்றிருந்தாள். யாரென்று எனக்கு உடனே தெரியவில்லை. பேசத் தொடங்கியதும் அந்த மெதுவான குரலில் தெரிந்துவிட்டது. திருத்தணியிலிருந்து ரயிலேறித் தனியாக வந்திருந்தாள். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாளாம். உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

"என் புள்ளைக்கு அப்புறம் எல்லாப் பொருத்தமும் பார்த்துத்தாம்மா கட்டினேன்" என்றாள். "ஒரு குறை இல்லாத ஜாதகம். அந்தப் பொண்ணு இவனோட வாழ மாட்டேன்னு ஒரு வருசத்துல ஆத்தா வூட்டுக்குப் போயிட்டா. வேற கட்டிக்கோடான்னா கேக்கமாட்டேங்கறான். ஒண்டியாத்தான் இருக்கான். ஸ்கூலுக்குப் போறான், வரான், துன்றான், படுக்கறான்."



"உங்க நைனாவை நான் ரொம்ப நாள் நெனச்சிக்கினு இருப்பேன்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எவ்ளோ நல்ல மனுசன். அன்னிக்கி ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

இத்தனை வருஷமாக என் மனதுக்குள் நான் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். ஆனால் அதை இன்னொருத்தி வாயால் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்க அவரு மூஞ்சியைப் பார்த்துக்கினு கேட்டீங்க இல்லீங்களா?" என்றேன். "அப்படிக் கேட்டா அவரு எப்படிங்க பொய் சொல்லுவாரு?"

என் குரல் உயர்ந்துவிட்டது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.  பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். நிறைந்த சொம்பு அவள் கைக்குக் கனத்தது. நான் சொம்பைப் பிடித்துக்கொண்டேன், அவள் குடித்தாள்.